நாற்பதைத் தாண்டியவர்கள் வெல்லும் லீக்: ஸ்னூக்கர் முடிவுகளைக் கேமரன் மலையிலிருந்து பார்த்தால்

2025 ஜூலை மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த சாம்பியன்ஷிப் லீக் ஸ்னூக்கர் போட்டியின் இறுதியாட்டத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மகுவாயர் 3-1 எனும் கணக்கில் ஜோ ஓ'கானரை வீழ்த்தினார். ஓ'கானர் அதே லெஸ்டர்காரர். சொந்த ஊரில் கிண்ணத்தைத் தவறவிட்டார். மகுவாயருக்கு அப்போது வயது 44. 2020-க்குப் பிறகு தரவரிசைப் போட்டி எதையும் வெல்லாதிருந்தவர் அவர்.

நம் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் இதற்கு நான்கு வரி கிடைத்தாலே பெரிது. காற்பந்தும் பூப்பந்தும் இருக்கும்போது ஸ்னூக்கரை யார் தேடிப் படிக்கப்போகிறார்கள்? ஆனால் இந்த ஒரு லீக்கின் முடிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், தானா ராத்தா, ரிங்லெட், கம்போங் ராஜா பக்கம் வாழும் நம் இளைஞர்களும் பெற்றோர்களும் யோசிக்க வேண்டிய சில விஷயங்கள் அதில் இருக்கின்றன.

இந்த லீக் தரவரிசைப் போட்டியாக மாறியது 2020-இல். அவ்வாண்டு கைரன் வில்சன், ஜட் டிரம்ப்பை 3-1 என வென்றார். 2021-இல் டேவிட் கில்பர்ட். 2022-இல் பெல்ஜியத்தின் லூக்கா பிரெசெல். 2023-இல் ஷோன் மர்பி, 2024-இல் அலி கார்ட்டர், 2025-இல் மகுவாயர். ஆறு பேரில் வில்சனும் பிரெசெலும் மட்டுமே இருபதுகளில் இருந்தவர்கள். கில்பர்ட்டுக்கும் மர்பிக்கும் 40 வயது. கார்ட்டருக்கும் மகுவாயருக்கும் 44. 2023 இறுதியாட்டத்தில் மர்பியிடம் தோற்ற மார்க் வில்லியம்ஸுக்கு 48.

இருபத்தைந்து வயதில் "இனி உனக்கு என்ன விளையாட்டு, போய் வேலையைப் பார்" என்று சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. அப்படிச் சொல்பவர்களைக் குறை கூறவும் முடியாது. தோட்டத்தில் அந்த வயதில் ஒருவன் தலையில் ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்திருக்கும். இருந்தாலும் இந்த வரிசையில் கில்பர்ட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

கில்பர்ட் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தந்தையின் பண்ணையில் டிராக்டர் ஓட்டி, உருளைக்கிழங்கு வயலில் வேலை செய்தவர். ஸ்னூக்கர் உலகில் அவருக்கு இருக்கும் பட்டப்பெயரே 'கோபக்கார விவசாயி' என்பதுதான். 2002-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். 2019-இல் உலகப் போட்டியின் அரையிறுதியில் ஜான் ஹிக்கின்ஸிடம் 16-17 என ஒரே ஒரு ஃபிரேமில் தோற்றுக் கண் கலங்கினார். முதல் தரவரிசைக் கிண்ணம் அவர் கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில், இந்த லீக்கில்தான். இறுதியில் மார்க் எல்லனை 3-1 என வென்றார். தொழில்முறைக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து. காய்கறித் தோட்டத்தில் லாரி ஏற்றிவிட்டு மாலையில் வீடு திரும்பும் கேமரன் மலை இளைஞனுக்கு, உலகத் தரவரிசையில் இருக்கும் ஆட்டக்காரர்களில் அதிகம் அறிமுகமானவராகத் தெரியக்கூடியவர் இவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூத்தவர்கள் இங்கே வெல்வதற்கு ஆட்ட முறையும் ஒரு காரணம். பெரும்பாலான ஸ்னூக்கர் போட்டிகள் தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பவை. இது அப்படியல்ல. 128 பேர், நான்கு நான்கு பேராக 32 பிரிவுகள். பிரிவில் உள்ள மற்ற மூவரோடும் ஒரே நாளில் ஆட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் நான்கு ஃபிரேம்கள், அதனால் 2-2 எனச் சமநிலையிலும் முடியலாம். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, நம் காற்பந்து லீக் போலவே. பிரிவில் முதலிடம் பிடிக்கும் ஒருவர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போவார். அங்கே 32 பேர் எட்டாகவும், பிறகு எட்டுப் பேர் இரண்டாகவும் குறைவார்கள். கடைசி இருவருக்கு மட்டும் ஐந்து ஃபிரேம் இறுதியாட்டம்.

காலையில் முதல் ஆட்டத்தில் தடுமாறினாலும் பிற்பகலில் இரண்டு ஆட்டங்கள் மிச்சம் இருக்கும். அனுபவசாலிக்கு இது போதும். எந்த ஃபிரேமைத் துரத்துவது, எந்த ஆட்டத்தில் ஒரு புள்ளியோடு திருப்திப்படுவது என்ற கணக்கு இருபது வருடம் ஆடியவனுக்குக் கை வந்ததாக இருக்கும்.

பணக் கணக்கு அவ்வளவு இனிப்பானதல்ல. முதல் சுற்றுப் பிரிவில் முதலிடத்துக்கு 3,000 பவுண்டு, இரண்டாமிடத்துக்கு 2,000, மூன்றாமிடத்துக்கு 1,000. நான்காமிடத்துக்குச் சுழியம். ஆயிரம் பவுண்டு என்பது 2025 மத்தியில் ஏறத்தாழ 5,700 வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். ஆனால் விமானச் சீட்டு, தங்குமிடம், பயிற்சி மேசைக் கட்டணம் எல்லாம் ஆட்டக்காரர் தலையில். ஆசியாவிலிருந்து போய் மூன்று ஆட்டம் ஆடி, நான்காமிடத்தில் முடித்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். உலகத் தரவரிசை ஈராண்டுப் பரிசுத் தொகையை வைத்தே கணக்கிடப்படுவதால், பணம் இல்லையென்றால் புள்ளியும் இல்லை. எல்லாச் சுற்றுகளிலும் முதலிடம் பிடித்துக் கிண்ணத்தையும் வெல்பவருக்கு மொத்தம் 33,000 பவுண்டு. இந்த நிலைமை புரிந்துதான் 2022-23 பருவத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வருமானம் உறுதி எனும் திட்டத்தை நிர்வாகம் கொண்டுவந்தது. அதுகூடக் கொடுப்பனவு அல்ல, வெல்லும் பரிசில் கழித்துக்கொள்ளும் முன்பணம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2008-இல் இந்த லீக் தொடங்கப்பட்டபோது அது சூதாட்ட நிறுவனங்களின் இணையத் தளங்களில் நேரலையாகக் காட்டப்படும் ஆட்டமாகவே வளர்ந்தது. பார்வையாளர் கூட்டம் அதற்கு முக்கியமில்லை. அதனால்தான் 2020 ஜூன் முதல் தேதி, கோவிட் முடக்கத்துக்குப் பிறகு பிரிட்டனில் திரும்பிய முதல் நேரலை விளையாட்டுகளில் ஒன்றாக, காலி அரங்கில் இந்த லீக்கை நடத்த முடிந்தது. அதை வென்ற பிரெசெல் 2023-இல் உலக வெற்றியாளரானார்.

பந்தயப் பணம் எங்கே பாய்கிறதோ அங்கே ஆட்டத்தை விற்பவர்களும் வருவார்கள். 2023 ஜூனில் சீன ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் இருவருக்கு ஆயுள் தடை. சாவ் சின்டோங் தன் ஆட்டத்தை விற்றவர் அல்லர். ஆனாலும் இன்னொருவரின் மோசடிக்கு உடந்தையாக இருந்ததற்கும் பந்தயம் கட்டியதற்கும் 20 மாதத் தடை பெற்றார். தடை முடிந்து திரும்பியவர், 2025 மே மாதம் மார்க் வில்லியம்ஸை 18-12 என வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் ஆசியர் ஆனார். 1992-இல் தாய்லாந்தின் ஜேம்ஸ் வத்தனா தரவரிசைப் போட்டி ஒன்றை வென்ற முதல் ஆசியரானதிலிருந்து எண்ணினால் 33 ஆண்டு காத்திருப்பு. தவறிய இளைஞன் ஒருவனுக்குத் தண்டனை கொடுத்து, அது முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள். நம் சமூகம் இதில் முதல் பாதியைத்தான் நன்றாகச் செய்கிறது.

"ஸ்னூக்கர் சென்டர் பக்கம் போகாதே" என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இந்தப் பின்னணியும் காரணம். புகை, பந்தயம், குண்டர் கும்பல்களின் ஆள்பிடிப்பு என்று பெற்றோர் அஞ்சுவது கற்பனையல்ல. பல இடங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரை உள்ளே விடுவதில்லை. விதி சரியே. ஆனால் சீன நகரங்களில் எட்டு, ஒன்பது வயதில் பயிற்றுநரோடு கம்பைப் பிடிக்கும் பிள்ளையோடு, பதினெட்டில் வாசலை மிதிக்கும் நம் பிள்ளை போட்டி போட வேண்டும். கிளப்பில் மேசை உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் தடை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிளப் என்றதும் ஊட்டி நினைவுக்கு வருகிறது. ஸ்னூக்கர் பிறந்த கதையில் நம் மலைக்கு உறவான ஒரு மலை இருக்கிறது. 1875-இல் ஜபல்பூரில், மழைக்கால அலுப்பில், நெவில் சேம்பர்லின் எனும் இளம் ராணுவ அதிகாரி பிலியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் அல்லர் இவர். 'ஸ்னூக்கர்' என்பது அன்று ராணுவக் கல்லூரியின் புது மாணவனைக் கேலியாக அழைக்கும் சொல். பந்தைக் குழியில் போடத் தவறிய நண்பரை அவர் அப்படிக் கிண்டல் செய்ய, அதுவே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. 1882 அளவில் இந்த ஆட்டத்தின் விதிகள் உருப்பெற்று மாட்டப்பட்டது உதகமண்டலம் கிளப்பில். நீலகிரி, தேயிலை, குளிர், வெள்ளைக்காரத் துரைகள். மூன்று ஆண்டு கழித்து 1885-இல் வில்லியம் கேமரன் நம் மலையை அளந்து குறித்தார். 1929-இல் போ நிறுவனத்தின் முதல் தேயிலைத் தோட்டம் இங்கே தொடங்கியது. காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ள வந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார்.

இரண்டு மலைகளிலும் துரைமார் கிளப்பில் மேசை இருந்தது, நம்மவருக்கு அதைத் துடைக்கும் வேலை இருந்தது. இன்று நிலைமை வேறு. ஊட்டி இருக்கும் அதே தமிழ்நாட்டிலிருந்து, சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த மகளிர் உலக ஸ்னூக்கர் போட்டியில், மூன்று முறை உலக வெற்றியாளரான ஹாங்காங்கின் இங் ஒன் யீயை 3-2 என வென்றார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது 23. லீக் முறையையும் இந்தியா சோதித்துப் பார்த்தது. 2017-இல் அகமதாபாத்தில் ஐந்து அணிகளோடு இந்தியன் கியூ மாஸ்டர்ஸ் லீக் நடந்தது. சென்னை ஸ்ட்ரைக்கர்ஸ் அதில் ஓர் அணி. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடினார்கள். கிரிக்கெட் லீக் போல அது வேரூன்றவில்லை என்றாலும், பெண்களை அணிக்குள் கொண்டுவந்த அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

கேமரன் மலையில் இதற்கெல்லாம் வழி உண்டா? முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம், கற்பலகை அடித்தளத்தோடு ஒரு டன்னுக்கு மேல் எடை. நம் மலையின் ஈரத்தில் அதன் துணி கனத்துப் பந்து மந்தமாக ஓடும். தொழில்முறைப் போட்டிகளில் இதற்காகவே மேசைக்கு அடியில் சூடேற்றும் கருவி வைக்கிறார்கள். தோட்ட மண்டபத்தில் அப்படி ஒன்றை வாங்கி வைக்கச் சொல்வது வீண் பேச்சு. தோட்டத்தில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்நியத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் பல பட்டணத்துக்கும் ஈப்போவுக்கும் இறங்கிவிட்டன. மிச்சமிருக்கும் இளைஞர்களுக்கு மாலை நேரம் என்பது கைத்தொலைபேசிதான்.

ஆனால் கேரம் பலகை பல மண்டபங்களில் ஏற்கெனவே இருக்கிறது. கோணம் பார்த்து அடிப்பது, அடுத்த அடிக்கு ஸ்டிரைக்கரை எங்கே நிறுத்துவது, எதிராளிக்கு வழி விடாமல் மறைப்பது எல்லாம் ஸ்னூக்கரின் பாலபாடம். நாம் மாற்ற வேண்டியது போட்டி நடத்தும் முறையை. தீபாவளிக் கிண்ணம், பொங்கல் கிண்ணம் என்று நாம் நடத்துவதெல்லாம் ஒரே ஞாயிறில் தோற்றால் வெளியேறும் போட்டிகள். காலை ஆறு மணிக்கு வேன் ஏறி வரும் அணி ஒன்பதரைக்குத் தோற்றுவிட்டு, மாலைவரை அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்த வருடம் அந்த அணி வராது.

லெஸ்டரில் செய்வதுபோல நான்கு பேருக்கு ஒரு பிரிவு வைத்தால் வந்தவர் எல்லாருக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். 3 புள்ளி, 1 புள்ளி. மாதம் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டத்து மண்டபம். பெண்களும் அதே பிரிவில் ஆடலாம், கேரமுக்குத் தனிப் பிரிவு தேவையில்லை. பரிசுத் தொகையை ஒருவர் கையில் குவிக்காமல், நான்காமிடத்துக்கும் வழிச்செலவு என்று இருபது வெள்ளி ஒதுக்கலாம். லெஸ்டர்காரர்கள் அதைச் செய்யவில்லை, நாம் செய்யலாம். பந்தயம் கட்டியவர் பிடிபட்டால் எத்தனை மாதத் தடை என்பதை முதல் நாளே தாளில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். தடை முடியும் தேதியையும் சேர்த்து.

சிக்கல் போக்குவரத்தில்தான் வரும். புளூ வேலியிலிருந்து ரிங்லெட் வருவதற்குள், வார இறுதியில் சுற்றுப்பயணிகளின் வாகன நெரிசலில் காலை ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே வடக்குத் தோட்டங்கள் ஒரு பிரிவு, தெற்குத் தோட்டங்கள் இன்னொரு பிரிவு என்று முதல் சுற்றைப் பிரித்து, இறுதிச் சுற்றுக்கு மட்டும் எல்லாரும் தானா ராத்தாவில் கூடலாம். அந்த ஒரு நாளுக்கு வேன் வாடகையைப் பட்டணத்தில் இருக்கும் நம் கடைக்காரர்களும், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடம்பெயர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று தோட்டத்துக்கு ஒருவர் கேட்கத் தொடங்கினால் போதும்.