நாலு கோடு நோட்டும் ஒரு வெற்றுப் பக்கமும்

போன வாரம் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது பழைய அலுவலக நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவருடைய பேரன் பிரான்சில் படிக்கிறான். "என்ன சார் பள்ளிக்கூடம் அது? அஞ்சு வயசாகுது, ஒரு வரி எழுதத் தெரியலை. நாள் பூரா விளையாட்டு. இங்கே என் இன்னொரு பேத்தி எல்கேஜியிலேயே ரெண்டு பக்கம் எழுதுறா" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் பேசினேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பாரிஸ் புறநகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பேரனுக்கு அப்போது நாலரை வயது. 'எகோல் மத்தெர்னெல்' என்கிற மழலையர் பள்ளியில் நடு வகுப்பு. அவன் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் படம். படத்துக்குக் கீழே இரண்டு மூன்று வரி. அதுவும் டீச்சர் கையெழுத்து! பிள்ளை சொல்லச் சொல்ல டீச்சர் எழுதிக்கொள்வாராம். ஒரு பக்கத்தில் பெரிய சாம்பல் நிற உருண்டை. "தாத்தா ஊர்ல லட்சுமினு ஒரு யானை இருந்துச்சு. தும்பிக்கையைத் தலையில வைக்கும்" என்று பிரெஞ்சில் எழுதியிருப்பதாக மகள் படித்துக் காட்டினாள். நம் மணக்குள விநாயகர் கோயில் லட்சுமிதான். நான் சொன்ன கதை.

அதில் பெருமைப்பட்டிருக்க வேண்டியவன், "இவன் எழுதினது எங்கேம்மா?" என்று கேட்டேன். அடுத்த முறை ஊரிலிருந்து வந்தவரிடம் சொல்லி நாலு கோடு நோட்டு வரவழைத்தேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். ஏ, பி, சி, டி. கோட்டைத் தாண்டினால் அழித்துவிட்டு மறுபடியும். இரண்டு வாரத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளை கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தான். நான் அதைச் சேட்டை என்று நினைத்தேன்.

ஒரு நாள் மகள் அந்த நோட்டை என் முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. "அந்த வாரம் அவன் எதுவுமே சொல்லலையாம் அப்பா. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று டீச்சர் கேட்டாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் இந்த முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். செலஸ்தென் ஃப்ரெனே என்ற ஆசிரியர் முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர். 1920-இல் தெற்குப் பிரான்சில் ஒரு கிராமப் பள்ளியில் சேர்ந்தார். மூச்சு வாங்கும், நீண்ட நேரம் பாடம் சொல்ல முடியாது. பிள்ளைகளை வெளியே நடத்திக் கூட்டிப்போனார். பார்த்ததை அவர்களே சொன்னார்கள். அதை வகுப்பிலேயே ஒரு சிறு அச்சுப்பொறியில் அச்சிட்டார்கள். பிள்ளையின் பேச்சே பாடப் புத்தகம் ஆனது. அவருக்கும் முன்னால், 1881-இல் மழலையர் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரான போலின் கெர்கொமார் என்ற அம்மையார், விளையாட்டுதான் குழந்தையின் வேலை என்று வாதாடினார். நேற்று முளைத்த நாகரிகம் இல்லை இது.

"அப்போ எழுத்தே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். ஐந்து வயது வகுப்பில் ஒலிகளையும் எழுத்துகளையும் பழக்குகிறார்கள், பெயரை எழுத வைக்கிறார்கள். முறையான வாசிப்பு ஆறு வயதில் தொடங்குகிறது. அதற்கு முன் முதல் இடம் பேச்சுக்கு. "இது வெறும் ஆயா வேலை" என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2019 முதல் அங்கே மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். மூன்று வயதுக் குழந்தையின் ஆசிரியரும் பத்து வயதுப் பிள்ளையின் ஆசிரியரும் ஒரே தேர்வு எழுதி வருபவர்கள். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. வகுப்பில் கூட்டம் உண்டு, குறை உண்டு. ஆனால் வரிசை சரி. முதலில் வாய், பிறகு கை.

நாம் அதைத் தலைகீழாக்கினோம். நம் புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சு புதிதா? சொல்தா தாத்தா வாங்கிய பென்ஷனை எண்ணினோம், பாஸ்போர்ட்டை எண்ணினோம், பிள்ளையை அந்தப் பள்ளியில் சேர்க்க அலைந்தோம். அந்த மொழியில் வந்த நல்ல யோசனையை மட்டும் கப்பலிலிருந்து இறக்கவே இல்லை. நாலு கோடு நோட்டு பிள்ளைக்காக இல்லை. விருந்தாளி முன்னால் நீட்டிக் காட்ட நமக்காக.

இன்னொன்று. பேரன் பள்ளியில் பிரெஞ்சு பேசுகிறான். அவனுக்குத் தமிழ் வர வேண்டுமானால் யார் பேச வேண்டும்? டீச்சரா? நாம்தான். நான் அந்த இரண்டு வாரம் அவனிடம் பேசிய தமிழ் என்ன தெரியுமா? "எழுது", "அழி", "நேரா உட்காரு". அவ்வளவுதான்.

நோட்டை மூடி வைத்தேன். காக்கா, நரி, லட்சுமி என்று மறுபடி ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து உட்கார அவனுக்கு நாலைந்து நாள் பிடித்தது. ஊருக்குக் கிளம்பும் முன் அந்த நோட்டில் புதுப் பக்கம் ஒன்று இருந்தது: ஒரு காக்கா, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆள்.

நண்பரே, இதைப் படித்தால் இன்று ராத்திரி பேரனுக்குப் போன் போடுங்கள். "என்ன எழுதினே?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.