இலையின் பயனும் எல்லையும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் நம் கரையோர ஊர்களிற் கனிதரும் மரமோ கொடியோ இல்லாத வளவு அரிது. கனியைப் போற்றும் நாம் இலையைக் குப்பையென்று கூட்டித் தள்ளுகின்றோம். விளாந்தளிர் இலைக்கஞ்சிக்கு ஆகும். கொடித்தோடையிலை சம்பலுக்கு ஆகும். கொய்யாக் கொழுந்தின் கசாயத்தை முதியோர் வயிற்றுப்போக்கிற்குக் கொடுத்து வந்தனர். 2022ஆம் ஆண்டின் விலையேற்றத்தில் வாடிய வீடுகளின் வாசலிலும் இவை நின்றன. இவ்வறிவைப் பள்ளிகளிற் கற்பித்தல் வேண்டும் என்பது என் துணிபு.

ஆயினும், பற்று மயக்கமாதல் ஆகாது. 2017இல் இலங்கையில் 186,000இற்கும் மேற்பட்டோரை டெங்கு பற்றியது. அக்காய்ச்சலுக்குப் பப்பாசியிலைச் சாற்றையே நம்பி வீட்டிலிருப்போர் இன்றும் உளர். அச்சாற்றாற் குருதிச் சிறுதட்டுகள் பெருகக்கூடும் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், டெங்கிற் பெரிதும் உயிரைக் கவர்வது, குருதியின் நீர்ப்பகுதி கலன்களினின்று கசிதலே. அதனைச் சாறு தடுக்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை. வைத்தியசாலையிற் காலமறிந்து அளவாய்ச் செலுத்தும் திரவமே காக்கும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஓர் இலையின் பெயரேனும் இல்லை. அதன் முற்பகுதி உண்ணும் அளவைப் பேசுகின்றது. இறுதி மூன்று குறள்களும் மருத்துவம் செய்யும் முறையைப் பேசுகின்றன. இவ்வொழுங்கையே நாமும் கொள்வோமாக: அன்றாடம் இலை அடுப்படிக்கு வரட்டும்; காய்ச்சல் கண்ட நாளில் நாம் வைத்தியரிடம் செல்வோம்.