காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை வெட்டி எறியலாமா?

வீட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். வாசலில் காரும் நிற்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு கம்ப்யூட்டர் அல்ல, பல. அவற்றில் ஒன்று கார் ஓடும்போதெல்லாம் நான்கு சக்கரங்களையும் கவனித்துக் கொண்டே இருக்கிறது. நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதுதான் அது களத்தில் இறங்கும். அதன் பெயர் ஏ.பி.எஸ்., அதாவது ஆன்டி லாக் பிரேக்கிங் சிஸ்டம்.

"இதைக் கழற்றிவிட்டு சாதா பிரேக்காக மாற்றிக் கொள்ளலாமா?" என்ற கேள்வி, செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களிடம் எழுகிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இப்படிக் கேட்பதற்குக் காரணமும் உண்டு. கடற்காற்றில் உப்பு, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, மழைக்காலத்தில் சாலையில் தேங்கும் தண்ணீர் ஆகிய மூன்றும் சக்கரத்தின் அருகில் உள்ள சென்சாருக்கும் அதன் வயருக்கும் எதிரிகள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஏ.பி.எஸ். மாட்யூலையே மாற்ற வேண்டும் என்றால், விலையைக் கேட்டதும் தலை சுற்றும். "அதை எடுத்துவிட்டு பைப்பை நேராக இணைத்துவிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் இனிக்கத்தானே செய்யும்?

நான் சாப்ட்வேர் எழுதுபவன். என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன்: வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

ஏ.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை சென்சார்கள் இடைவிடாமல் சொல்லிக் கொண்டிருக்கும். நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று நிற்கப் போனால், கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து, அந்தச் சக்கரத்திற்குச் செல்லும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் சுழன்றதும் மீண்டும் கூட்டும். ஒரே நொடியில் இது பல முறை நடக்கும். அப்போது பெடல் காலடியில் அதிரும். அது கோளாறு அல்ல. காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். சக்கரம் பூட்டிக் கொள்ளாததால் கார் உங்கள் பேச்சைக் கேட்கும்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ். 1978ல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் இது விலை உயர்ந்த மாடல்களில் மட்டுமே கிடைத்தது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும், 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளிலும் கட்டாயமாகிவிட்டது. 1950களிலிருந்து திருவொற்றியூரின் அடையாளமாக இருந்து வரும் புல்லட்டும் இதற்குத் தப்பவில்லை.

"இதே காரை ஏ.பி.எஸ். இல்லாமலும் கம்பெனியே விற்றதே! அப்போது ஓடவில்லையா?" என்பதுதான் கழற்றச் சொல்பவர்களின் வலுவான வாதம். 2000களில் பல மாடல்கள் அப்படி இரண்டு விதமாகவும் விற்கப்பட்டது உண்மைதான். ஆனால் ஏ.பி.எஸ். இல்லாத வண்டியின் பிரேக் வேறு விதமாக வடிவமைக்கப்பட்டது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்ந்து, பின் சக்கரங்கள் லேசாகிவிடும். பின்னால் அதே அழுத்தம் போனால் அவை முதலில் பூட்டிக் கொள்ளும். கார் தட்டாமாலை சுற்றிவிடும். இதைத் தடுக்க, பின் சக்கரத்துக்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வால்வை அந்த வண்டிகளில் வைத்திருந்தார்கள். ஏ.பி.எஸ். உள்ள பெரும்பாலான கார்களில் இந்த வால்வு கிடையாது. அந்த வேலையை ஏ.பி.எஸ். கம்ப்யூட்டரில் உள்ள இ.பி.டி. என்னும் சாப்ட்வேரே செய்கிறது. எனவே மாட்யூலை எடுத்துவிட்டு பைப்பை நேராக இணைத்தால் உங்களுக்குக் கிடைப்பது பழைய சாதா பிரேக் அல்ல. எந்தக் கம்பெனியும் வடிவமைக்காத, யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு பிரேக்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை முறையாக அன்இன்ஸ்டால் செய்யாமல், அதன் போல்டரை மட்டும் டெலீட் செய்தால் என்ன ஆகும்? அதை நம்பியிருந்த மற்றவை எல்லாம் எர்ரர் காட்டும். காரிலும் அப்படித்தான். பல மாடல்களில் ஸ்பீடோமீட்டர், வழுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.சி., மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு ஆகியவை இதே சென்சார்களின் தகவலைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு வித்தியாசம்: கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்து கொள்ளலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் டிரைலர் லாரி திடீரென நிற்கும்போது ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது.

ஏ.பி.எஸ். எல்லா இடத்திலும் கைகொடுக்குமா என்றால், இல்லை. உதிரி மணலிலும் சரளைக் கற்களிலும் வண்டி நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். கடற்கரையை ஒட்டிய சாலைகளில் மணல் படிந்திருந்தால் வேகத்தைக் குறைப்பதுதான் வழி. ஆனால் மழையில் நனைந்த தார்ச் சாலையில் இதன் அருமை தெரியும்.

சட்டமும் இடம் கொடுக்கவில்லை. கம்பெனி வடிவமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் இதைக் காரணம் காட்டக்கூடும்.

சரி, விளக்கு எரிந்தால் என்ன செய்வது? மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் பொதுவாக சாதாரண பிரேக் வேலை செய்யும். நிதானமாக ஓட்டி ஒர்க்ஷாப் சேருங்கள். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது இ.பி.டி.யும் செயலிழந்திருக்கலாம். வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். அடுத்து, எந்த பாகத்தையும் மாற்றும் முன் ஸ்கேனர் போட்டு எர்ரர் கோடைப் படிக்கச் சொல்லுங்கள். விலை மலிவான புளூடூத் கருவிகள் பலவும் என்ஜின் கோடை மட்டுமே காட்டும், ஏ.பி.எஸ். கோடையும் படிக்கும் ஸ்கேனர் தேவை. உதாரணமாக சி0035 என்று வந்தால், இடது முன் சக்கர சென்சார் சர்க்யூட்டில் பிரச்னை என்று பொருள். வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் பாசி பிடித்திருக்கலாம், சென்சார் போயிருக்கலாம். மாட்யூலின் விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு சிறியது.

கடைசியாக, மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1948ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கிய நாளிலிருந்து வண்டிகளோடு வளர்ந்த பகுதி இது. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஸ்கேனருக்கும், சர்வீஸ் மேனுவலுக்கும், நியாயமான விலையில் கிடைக்கும் உதிரி பாகத்துக்கும்தான். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. கார்களும் அதில் அடக்கம். தெருமுனை ஒர்க்ஷாப்புக்கும் எர்ரர் கோடின் விளக்கம் தாராளமாகக் கிடைத்தால், "எடுத்துவிடலாம் சார்" என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது. கார் கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.