மரக்கன்று நடும் சபை மலக்குழியைப் பார்க்குமா?

ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை உலகின் பல திருச்சபைகள் 'படைப்பின் காலம்' கடைப்பிடிக்கின்றன. 1989இல் கான்ஸ்டான்டினோபிள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்தது. 2015இல் போப் பிரான்சிஸ் அதைக் கத்தோலிக்கர்களுக்கும் உரிய நாளாக்கினார். நம் ஊரிலும் இந்த நாட்களில் ஆலய வளாகங்களில் மரக்கன்று நடுகிறார்கள். துணிப்பை கொடுக்கிறார்கள். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறார்கள்.

இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. மரம் நடுவது நல்ல காரியம். என் கேள்வி வேறு. அந்த மரக்கன்றுக்குக் குழி தோண்டியவர் யார்? அதே வளாகத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் செப்டிக் டேங்க் நிரம்பினால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? இந்தக் கேள்வி வராத சுற்றுச்சூழல் பிரசங்கம் பாதிப் பிரசங்கம்தான்.

யார் ஆண்டார்கள்?

கிறித்தவத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவு பற்றிய நவீன விவாதத்தில் தவிர்க்க முடியாத பெயர் லின் ஒயிட். இந்த அமெரிக்க வரலாற்று ஆசிரியர் 1967இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்று மேற்கத்தியக் கிறித்தவம் போதித்தது, அந்த மனப்பான்மைதான் இன்றைய சூழல் நெருக்கடிக்கு வேர் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆதியாகமம் 1:28இல் பூமியை ஆளும்படி மனிதனுக்குச் சொல்லப்படுகிறதே, அதைக் குறித்த சர்ச்சை இங்கிருந்து சூடு பிடித்தது.

திருச்சபைகள் பதில் தேடின. மனிதன் பூமிக்கு முதலாளி அல்ல, கடவுளின் உக்கிராணக்காரன். கடவுளுடைய சொத்தைக் கவனமாகப் பராமரிக்க வேண்டியவன் என்றன. இன்று பெரும்பாலான பிரசங்கங்களில் நாம் கேட்பது இந்தப் பதிலைத்தான். முந்தையதைவிட இது மேலானது, மறுக்கவில்லை. ஆனால் குற்றச்சாட்டு, பதில் இரண்டிலும் ஒரே ஓட்டை இருக்கிறது. இரண்டும் 'மனிதன்' என்று பொதுவாகப் பேசுகின்றன. எல்லா மனிதர்களும் சேர்ந்து பூமியை ஆண்டதுபோல, எல்லாரும் சேர்ந்து கெடுத்ததுபோல, இப்போது எல்லாரும் சமமாக மனந்திரும்ப வேண்டும் என்பதுபோல.

நம் ஊரில் யார் ஆண்டார்கள்? பண்ணையார் ஆண்டார், பண்ணையாள் உழுதார். உக்கிராணக்காரன் என்றால் களஞ்சியத்தின் சாவி வைத்திருப்பவன். நம் பாட்டன்மார் கையில் சாவியா இருந்தது? மண்வெட்டி இருந்தது. தென் மாவட்டங்களின் பல ஏரி, கண்மாய்களில் மடை திறந்து, கடைசி வயல் வரை தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். ஊருக்கே தண்ணீர் பாய்ச்சியவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை. ஊர்க் கிணற்றில் அவர் குடம் இறங்கவும் முடியாது.

வேதாகமத்திலேயே வேறொரு வாசல் திறந்திருக்கிறது. ஆதியாகமம் 2:15இல் மனிதனைத் தோட்டத்தில் வைத்த கடவுள் அவனிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கிறார். முதல் வேலைக்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'அவாத்'. உழைப்பது, ஊழியம் செய்வது என்று பொருள். எகிப்தில் இஸ்ரவேலர் செய்த அடிமை வேலைக்கும் இதே வேரிலிருந்து வரும் சொல்தான். இரண்டாவது 'ஷாமர்', காப்பது. உழைப்பதையும் காப்பதையும் அந்த வசனம் பிரிக்கவில்லை. மண்ணைக் காப்பது பற்றிப் பேசும் தகுதி முதலில் மண்ணில் உழைத்தவருக்குத்தான் உண்டு என்று நான் இதை வாசிக்கிறேன். நம் பிரசங்க மேடைகள் காப்பதைப் பற்றிப் பேசுகின்றன, உழைத்தவரை விட்டுவிடுகின்றன.

அழுக்கு எந்தப் பக்கம் போகிறது?

சூழல் கேடு எல்லாருக்கும் பொது என்பார்கள். ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில் என்று குடியமர்த்தப்பட்ட கிராமத்தில் சாக்கடை எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டுப் பாருங்கள். சென்னைக் குப்பையின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும்தான் போனது. கொடுங்கையூர், தலித்துகளும் உழைக்கும் மக்களும் நெருக்கமாக வாழும் வடசென்னையில் இருக்கிறது.

சூழலைக் காப்பாற்றும் பெயரிலும் அடி நமக்குத்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லி அகற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். வேலையும் பள்ளியும் இருந்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தொலைவு. அந்தப் பெரும்பாக்கமும் மழை பெய்தால் தண்ணீர் சூழும் சதுப்பு நிலப் பகுதிதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று எழுந்த பெரிய கட்டடங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்துத் தள்ளவில்லை. ஆற்றங்கரைக் குடிசைதான் ஆற்றைக் கெடுத்ததாம்.

இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலையை ஒரு திருச்சபை செய்து காட்டியிருக்கிறது, அமெரிக்காவில். 1982இல் வட கரோலினா மாநிலத்தின் வாரன் மாவட்டத்தில் பிசிபி என்ற நச்சு கலந்த மண்ணைக் கொண்டுவந்து அரசு புதைக்கத் தொடங்கியது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் ஏழைக் கறுப்பின மக்கள். ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்திலிருந்து ஊர்வலங்கள் புறப்பட்டன. லாரிகளுக்கு முன்னால் மக்கள் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் திருச்சபையின் இன நீதி ஆணையம் நாடு முழுவதும் கணக்கெடுத்து 1987இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நச்சுக் கழிவுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் வருமானத்தைவிட இனமே முக்கியமானது என்று அது எண்களோடு நிறுவியது. சூழல் நீதி என்ற இயக்கம் அமெரிக்காவில் வேர்பிடிக்க அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம்.

அந்தத் திருச்சபை அப்போது செய்தது கணக்கெடுப்பு. எந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் யார் வாழ்கிறார் என்று எண்ணியது. 2015இல் வந்த போப் பிரான்சிஸின் 'லவ்தாத்தோ சி' சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. அது ரோமில் எழுதப்பட்ட மடல். அதில் ஏழை என்று வரும் இடத்தில் நம் தெருவின் சாதியைச் சேர்த்து வாசிப்பது நம் வேலை.

தூய்மை என்ற ஆபத்தான சொல்

சுற்றுச்சூழல் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் சொல் தூய்மை. தலித் இளைஞர்கள் இந்தச் சொல்லைச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். தூய்மை–தீட்டு என்ற கணக்கில்தான் சாதி கட்டப்பட்டிருக்கிறது. 1927 மார்ச் 20இல் மகாத்தின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகு, குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி அதைச் 'சுத்திகரிக்க' ஆதிக்க சாதியார் சாணமும் கோமியமும் கொண்டு சடங்கு செய்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தண்ணீர் பற்றிய எந்தப் பேச்சையும் இந்த நாட்டில் சாதியைத் தாண்டிப் பேச முடியாது.

இயேசு இந்த இடத்தில் எங்கே நிற்கிறார்? யோவான் 4ஆம் அதிகாரத்தில், யூதர்கள் தீண்டாத ஒரு சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் போய்த் தண்ணீர் கேட்கிறார். அந்தக் காட்சியை நம் ஊர்க் கிணற்றில் வைத்துப் பிரசங்கித்தால் எத்தனை சபைகள் தாங்கும்? மண்ணைக் காப்போம் என்று சொல்லும் கிறித்தவர்கள்தான் திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பினார்கள். இறந்த பிறகும் ஒரே மண்ணில் சேர்ந்து மக்க விடாதவர்கள் எந்த மண்ணைக் காக்கப்போகிறார்கள்?

நாபோத்தின் நிலம்

1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் கதை இருக்கிறது. ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். எதற்காக? அரண்மனைக்குப் பக்கத்தில் கீரைத்தோட்டம் போட. அதாவது, ராஜா கேட்டதும் ஒரு பசுமைத் திட்டம்தான். நாபோத் மறுக்கிறான். பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள், நிலம் கைமாறுகிறது. எலியா தீர்க்கதரிசி தோட்டத்தின் அழகைப் பார்க்கவில்லை. அந்த நிலம் யாருடையது என்றுதான் கேட்டார்.

நம் நாபோத்தின் நிலத்துக்குப் பெயர் பஞ்சமி நிலம். செங்கல்பட்டில் ஆதாம் ஆண்ட்ரு போன்ற மிஷனரிகள் எழுப்பிய குரலும், 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையும் அதற்கு வழி திறந்தன. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. வேறு சாதியாருக்கு அதை விற்க முடியாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. நிபந்தனை ஏட்டில் இருக்கிறது, நிலத்தின் பெரும்பகுதி நம் கையில் இல்லை. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

அந்த மிஷனரிகளின் வாரிசாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் திருச்சபைகள் படைப்பின் காலத்தில் பஞ்சமி நிலத்தைப் பேசுகின்றனவா? லேவியராகமம் 25ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. ஐம்பதாம் ஆண்டில், இழந்தவரிடம் நிலம் திரும்ப வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே அதிகாரம். முதல் பாதியைச் சூழல் பிரசங்கமாகச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியைத் தாண்டிப் போவது வேதத்துக்கே செய்யும் துரோகம்.

வரும் எதிர்ப்புகள்

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது: "எல்லாவற்றிலும் சாதியை இழுக்காதே." நாம் இழுக்கவில்லை. குப்பைமேட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் முன்பே இழுத்துவிட்டார்கள்.

இரண்டாவது கொஞ்சம் கனமானது: "சிறுபான்மையாக நெருக்கடியில் இருக்கிறோம், இந்த நேரத்தில் உட்பிரச்சினையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா?" நெருக்கடி உண்மை. ஆனால் சபையின் பெரும்பான்மையே தலித்துகள் என்னும்போது இது யாருடைய உட்பிரச்சினை? 1950 ஆணையின்படி தலித் கிறித்தவர் பட்டியல் சாதியில் இல்லை. மதம் மாறியதும் சாதி போய்விட்டது என்கிறது அரசு. மலக்குழி நிரம்பும்போது மட்டும் எல்லாருக்கும் நம் சாதி நினைவு வந்துவிடுகிறது. சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டதைப் பற்றிப் பேச எதற்குத் தயக்கம்?

திருச்சபையால் தெருவில் நிற்க முடியும் என்பதும் நமக்குத் தெரியும். 2011 முதல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் கூடியது லூர்து மாதா ஆலயத்தின் முன்னால்தான். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பாய்ந்தது, வெளிநாட்டுப் பணம் என்ற பழியும் வந்தது. ஆலயப் பந்தல் கலையவில்லை. கடலுக்காக விரிந்த பந்தல் சேரிக்காகவும் விரியட்டும் என்றுதான் கேட்கிறோம்.

என்ன கேட்க வேண்டும்?

மாணவத் தோழர்களே, அடுத்த படைப்பின் காலத்தில் உங்கள் சபையில் மரக்கன்று நடும்போது நீங்களும் நடுங்கள். நட்டு முடித்துக் கையைக் கழுவியதும், சபைக் கமிட்டி முன்னால் நான்கு கேள்விகளை எழுத்தில் வையுங்கள்.

ஒன்று, நம் சபையின் பள்ளி, விடுதி, மருத்துவமனையில் மலக்குழி எப்படிச் சுத்தமாகிறது? பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை, மலக்குழி மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. எந்திரம் வருகிறதா, மனிதர் இறங்குகிறாரா என்பதற்குப் பதிவேடு வேண்டும்.

இரண்டு, நம் துப்புரவுப் பணியாளர்கள் நிரந்தரப் பணியாளர்களா, ஒப்பந்தக் கூலிகளா? அவர்களுக்கு என்ன ஊதியம்?

மூன்று, நம் திருமண்டலத்தில், மறைமாவட்டத்தில் உள்ள குப்பைக்கிடங்கு, சாயக் கழிவு, தோல் கழிவு, குவாரி ஆகியவற்றின் பக்கத்தில் வாழ்பவர்கள் யார்? வாரன் மாவட்டத்துக்குப் பிறகு அமெரிக்கத் திருச்சபை எடுத்த கணக்கை நாமும் எடுக்கலாம். இளைஞர் சங்கம் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை.

நான்கு, சபையின் நிலங்கள் எவ்வளவு, யார் பயன்படுத்துகிறார்கள்? வணிக வளாகத்துக்குக் குத்தகைக்குப் போகும் நிலத்தில் நிலமற்ற சபை மக்களுக்குப் பங்கு உண்டா?

பதில் வரத் தாமதமாகும். சிலர் உங்களைக் கலகக்காரர் என்பார்கள், ஆகாப் எலியாவையும் அப்படித்தான் அழைத்தான். பதில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் அதே நான்கு கேள்விகளைத் திரும்பக் கொடுங்கள். நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தாதீர்கள்.