தொப்பையை அளக்க ஸ்கேன் வேண்டுமா?

புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குத் துணி தைக்கப் போயிருப்பீர்கள். தையற்காரர் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்து ஓர் எண்ணைச் சொல்வார். அது கால்சட்டை தைக்க மட்டுந்தானா? இல்லை. நீரிழிவும் இதய நோயும் யாருக்கு வரக்கூடும் என முன்கூட்டியே எச்சரிக்கவும் அது உதவும்.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று தோலுக்கு அடியில்; கிள்ளினால் விரலில் அகப்படும். மற்றொன்று உள்ளே, குடலைச் சுற்றி. அதிகத் தீங்கு செய்வது இரண்டாவதே. எடைத் தராசு இதைக் காட்டாது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் தங்களையே ஒப்பிட்டு எழுதினார்கள். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

அப்படியானால் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் சி.டி. ஸ்கேன். ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவி 1971இல் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்கிப் பார்ப்பதுபோல, கத்தியின்றி உடலின் ஒரு வில்லையைக் காட்டுகிறது. எக்ஸ் கதிரைத் தடுக்கும் அளவுக்கேற்ப ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு ஏறத்தாழ -190 முதல் -30 வரை. கொழுப்புப் புள்ளிகளை எண்ணினால் அதன் பரப்பளவு சதுர சென்டிமீட்டரில் கிடைத்துவிடும்.

இது துல்லியமானதுதான். ஆனால் தவறே இல்லாததா? வில்லையைத் தொப்புள் மட்டத்தில் எடுத்தால் ஓர் எண்; சற்று மேலே எடுத்தால் வேறோர் எண். மூச்சை இழுத்தால் உறுப்புகள் நகர்கின்றன. குடலிலுள்ள உணவும் சில வேளை கொழுப்பாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே, எங்கே, எப்படி அளந்தார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பக்கூடாது.

ஆராய்ச்சிக்கு இந்தக் கருவி தேவை. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களுக்கு உள்கொழுப்பு அதிகம் என்பதைச் சி.டி. மூலமே காட்டியது. ஆனால் ஊரிலுள்ள ஒவ்வொரு வயிற்றையும் அதில் அளக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். முழு வயிற்று ஸ்கேனில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு சுமார் 8 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நாம் மூன்றாண்டுகளில் பெறுவதற்கு ஏறத்தாழ சமம். செலவும் உண்டு. மேலும், விபத்தில் அடிபட்டவரும் பக்கவாதம் வந்தவரும் காத்திருக்கும்போது, அந்தக் கருவி முதலில் அவர்களுக்கே உரியது. கறம்பக்குடியில் வயல்வேலை செய்பவருக்கும் இலுப்பூரில் கடை வைத்திருப்பவருக்கும் சில ரூபாய் நாடா போதும். நாடா, தோலடிக் கொழுப்பையும் உள்கொழுப்பையும் பிரித்துக் காட்டாது, உண்மைதான். ஆனால் யாரை மேலும் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். இந்தியர்களில் வளர்ந்த ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் எச்சரிக்கை. வளரும் வயதினரான உங்களுக்கு இந்த எல்லைகள் பொருந்தா.

இன்றே செய்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்டதும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஐந்து முறை அளந்து எழுதுங்கள். ஐந்தும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால் ஏன்? அந்தக் கேள்வியில்தான் அளவியல் தொடங்குகிறது. எண் எல்லையைத் தாண்டினால், அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.