கட்டணம் வாங்காத பள்ளியும் 'தனியார்' பள்ளிதானா?

வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் பணம் கட்டிப் படிக்க வைக்க முடியும் என்றால் யாருக்குக் கட்டுவார்கள்? விழுப்புரம் மாவட்டத்தின் எந்த ஊரிலும் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். மகனுக்கு மெட்ரிக் பள்ளி வேன் வருகிறது. மகள் நடந்து போகிறாள். இருளர் குடியிருப்பில் அதுவும் உறுதியில்லை. பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ கிளம்பினால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணும் உடன் போக வேண்டும். படிப்பைத் தொடர்ந்தாலும், பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுந்ததுதான் திண்டிவனம் ரோசணையில் உள்ள தாய்த்தமிழ்ப் பள்ளி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வழிநடத்தும் பேராசிரியர் பிரபா கல்விமணி தோழர்களோடு சேர்ந்து உருவாக்கியது. தமிழ்வழிக் கல்வி, கட்டணம் இல்லை, நன்கொடையே ஆதாரம். கட்டணம் இல்லாத இடத்தில் 'மகனா, மகளா' என்ற கேள்விக்கே வேலையில்லை. பெண் கல்விக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையா?

இது புதிய வழியும் அல்ல. 1848இல் புனேயில் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கியது அரசை நம்பியோ மடத்தை நம்பியோ அல்ல. அவர்களது பள்ளியில் படித்த, மாங் சாதியில் பிறந்த 14 வயது முக்தா சால்வே, 1855இல் மகர், மாங் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினார். வேதம் பார்ப்பனர்களுக்கே உரியது என்றால் எங்களுக்கு மதம் எது என்று கேட்டார். சில ஆண்டுப் படிப்பு ஒரு சிறுமிக்குக் கொடுத்த துணிச்சல் அது.

ஆனால் நம் அரசின் கோப்பில் ரோசணைப் பள்ளியும் லட்சக்கணக்கில் வசூலிக்கும் பள்ளியும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. 1991-92க்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது என்கிறது சட்டம். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கோ, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் சேர்ந்து, 8ஆம் வகுப்புக்குப் பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஒதுக்கீடு இல்லாமல், கட்டணமே வாங்காத சுயநிதித் தமிழ்ப் பள்ளியில் 8ஆம் வகுப்புவரை படித்த இருளர் வீட்டுப் பெண்? விதிப்படி அவள் 'தனியார் பள்ளி மாணவி'.

தனியாருக்கு மக்கள் பணமா என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசுப் பள்ளிகளை வலுப்படுத்துவதே முதல் கடமை. அதில் மாற்றுக் கருத்தில்லை. நாம் கேட்பது கல்வி வணிகருக்கு மானியம் அல்ல. கட்டணம் வாங்கவில்லை, தமிழ்வழியில் நடத்துகிறது, தலித், பழங்குடிப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கிறார்கள் என்ற மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் பள்ளிகளுக்கு மட்டும் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டும். அங்கு படித்த பெண்களைப் புதுமைப்பெண் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட பள்ளிகள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. அரசுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. கல்வியில் சமூகநீதி பேசும் ஆட்சி எதுவானாலும் ஒரு திருத்த ஆணையில் தொடங்கலாம்.