ஆசிரியரின் ஓய்வு யார் பொறுப்பு?

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணை ஆசிரியரின் வாரப் பணிநேரத்தைக் கற்பித்தலும் தயாரிப்பும் சேர்த்து 45 மணிநேரம் என வகுக்கிறது. பலரும் கவனிக்கத் தவறும் சொல் ஒன்று அங்குண்டு: 'குறைந்தபட்சம்'. உச்சவரம்பு கிடையாது. ஆலைத் தொழிலாளரின் வாரப் பணிநேரத்தை 54இலிருந்து 48ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது நிறைவேறியது. உழைப்புக்கு எல்லை வகுப்பது அரசின் கடமை என்னும் அப்பார்வை பள்ளி வாசலை இன்னும் எட்டவில்லை.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்விசாராப் பணிகளில் ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றும் விலக்குகள். எமிஸ் பதிவேற்றம், நலத்திட்டப் பொருள் வழங்கல், இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் 'உடனடி' விவரக் கோரிக்கை ஆகியவை இம்மூன்றில் எதன்கீழ் வருகின்றன?

ஆதிதிராவிடர் நலத்துறையில் இந்நிலை இன்னும் கடுமையானது. அத்துறை விடுதிகளின் காப்பாளர்கள் பெரும்பாலும் அதன் ஆசிரியர்களிலிருந்தே நியமிக்கப்படுபவர்கள். அரிசி இருப்பு, சமையலர் விடுப்பு, நள்ளிரவில் ஒரு மாணவிக்கு வரும் காய்ச்சல் யாவும் அவர் கணக்கில் சேரும். பக்கத்து விடுதியில் பணியிடம் காலியானால் 'கூடுதல் பொறுப்பு' என்னும் ஆணையும் வரக்கூடும். 2025இல் இவ்விடுதிகள் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. காப்பாளருக்கும் கொஞ்சம் சமூகநீதி கிடைத்தால் நன்று.

எனக்குத் தெரிந்த தலித் ஆசிரியை ஒருவர், பள்ளியுள்ள ஊரில் வாடகை வீடு தேடினார். ஒவ்வொரு வீட்டிலும் முதற்கேள்வி 'நீங்க எந்த ஊரு?' என்பதே. அதன் பொருள் அவருக்குப் புரியும். இன்று நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிச் செல்கிறார். சாதிப்பெயர் சொல்லி இகழப்பட்ட பிள்ளைகள் ஆசிரியர் அறையில் தேடி வருவதும் அவரைத்தான். இப்பணி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பெரிய பள்ளிகளில் நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. அப்படியொருவர் இல்லாத பள்ளியில் அந்தப் பணியைச் சம்பளமின்றிச் செய்பவர் இவர். இவரிடம் போய் மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று பயிலரங்குகள் அறிவுரை கூறுகின்றன. பேருந்தில் நின்றபடி மூச்சுப்பயிற்சி செய்யலாம்தான்.

நம் இயக்கங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. சாவித்திரிபாய் புலே மீது சாணி வீசப்பட்டதை மேடைதோறும் நினைவுகூர்கிறோம். மாற்றுச் சேலையுடன் பள்ளி சென்ற அவரது துணிவைப் போற்றுகிறோம். அந்தப் போற்றுதலே மெல்ல ஓர் எதிர்பார்ப்பாக மாறுகிறது. சேரியிலிருந்து வந்த ஆசிரியர் மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்ப விரும்பினால் 'சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்காதவர்' என்னும் பழி எளிதில் விழுகிறது. விடுப்பு எடுக்கவே கூசும் பலரை நான் அறிவேன்.

ஆசிரியர் சங்கங்கள் பழைய ஓய்வூதியத்துக்கும் சம ஊதியத்துக்கும் போராடுகின்றன, இரண்டும் நியாயமானவை. அவற்றோடு வாரப் பணிநேர உச்சவரம்பு, காப்பாளருக்கு மாற்றுப் பணியாளர், பணிநேரத்துக்குப் பிந்தைய செய்திகளுக்குத் தடை ஆகிய மூன்றும் கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டும். முதலாவதற்கு அட்டவணையில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.